ஆரோக்கிய நிகேதனத்தை நெய்வேலியில் படிப்பது

நொந்துபோன நகரத்து மனிதர் ஒருவர் கிராமத்துக்குப் போகிறார். தனக்குச் சற்றும் பொருந்தாத யாரோ ஒருவரோடு பழக்கம் ஏற்படுகிறது. காற்றும் மண்ணும் அந்தப் பழக்கமும் சேர்ந்து அவரைத் தேற்றிவிடுகின்றன. இப்படிப்பட்ட நாவல்கள் மொழிபெயர்ப்பில் நம் கைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வார்ப்பு பழையது. யோஹன்னா ஸ்பைரியின் 'ஹைடி'யில் பிராங்க்பர்ட் நகரத்துச் சிறுமி கிளாரா ஆல்ப்ஸ் மலைக்குப் போய் ஆட்டுப்பால் குடித்துச் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்தக் கதைகளைப் படித்து ஆறுதல் அடைந்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள். அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் நெய்வேலியில் உட்கார்ந்து படிக்கும்போது ஒரு கேள்வி விடாமல் எழுகிறது. போய்த் தேறிக்கொள்ள எந்தக் கிராமம் இருக்கிறது?

இங்கே இருந்த கிராமங்கள் சுரங்கத்துக்குப் போயின. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது கரிய பொருள் மேலே வந்த கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. இந்த இதழை நடத்துகிறவர்களும் அந்தச் சோற்றில் வளர்ந்தவர்களே. நிலம் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகளுக்கோ சொந்த ஊர் எது என்று கேட்டால் மண்மேட்டைத்தான் கைகாட்ட முடிகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் பிடிக்க இருந்த நெல்வயலுக்குள் சுரங்க விரிவாக்கத்துக்காக வாய்க்கால் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களிடம் போய், கிராமம் உங்கள் மனப்புண்ணை ஆற்றும் என்று எந்த நாவலும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் இந்த இதழில் ஒரு பழைய மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்கிறோம். தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. வங்கத்தில் 1953-இல் வெளிவந்தது, 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, த.நா. குமாரசாமி தமிழில் தந்தது. நட்பு, நோய், கிராமம் மூன்றும் அதில் உண்டு. மூன்றையும் தாராசங்கர் சர்க்கரை தடவாமல் கொடுக்கிறார்.

ஜீவன் மஷாய் பரம்பரை வைத்தியர். தந்தையிடம் ஆயுர்வேதம் கற்றவர். ரங்கலால் டாக்டரிடம் ஆங்கில வைத்தியமும் பழகியவர். குடும்பத்தின் வைத்தியசாலைக்குப் பெயர்தான் ஆரோக்கிய நிகேதனம். கதை தொடங்கும்போது அது சிதிலமடைந்து கிடக்கிறது. நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் என்று கேட்டுக்கொண்டே போகும் முறை நம் பக்கத்துச் சித்த வைத்தியர்களுக்கும் உரியது. மஷாயின் விரல்கள் அதற்கும் அப்பால் போகின்றன. சாவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை அவர் மறைப்பதில்லை. பெற்ற மகனின் கையைப் பிடித்தபோதும் அதேதான் தெரிந்தது; அந்த வீட்டில் அதன் பிறகு மனைவியோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தாராசங்கர் எழுதியிருக்கும் பக்கங்களை ஒரே மூச்சில் படித்துவிட முடியாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் தொடர வேண்டியிருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் இளம் டாக்டர் பிரத்யோத்துக்கு இந்தக் கிழவரைக் கண்டாலே ஆகாது. மனிதனிடம் அவன் சாவைச் சொல்வது கொடுமை, பாதி உயிரை அப்போதே எடுத்துவிடுவது என்கிறான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மஷாய் கைவிட்ட நோய்களைப் புதிய மருந்துகள் வெல்கின்றன. அதைக் கிழவரே பார்க்கிறார், வியக்கிறார், ஒப்புக்கொள்கிறார். பழமைதான் உயர்ந்தது என்ற ஒப்பாரிக்கு நாவலில் இடமே இல்லை. பிறகு பிரத்யோத்தின் மனைவி மஞ்சு கடும் காய்ச்சலில் விழுகிறாள். மஷாய் அவள் நாடியைப் பார்த்துப் பயமில்லை என்கிறார். மருந்து பிரத்யோத்துடையது, தைரியம் கிழவருடையது. அந்தக் கட்டிலின் இரு பக்கத்திலும் நிற்கும் இருவருக்கும் இடையே பிறக்கும் உறவை நட்பு என்று சொல்லவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அவ்வளவு தாமதமாக, அவ்வளவு கூச்சத்தோடு வருகிறது. ஒருவர் முறையை மற்றவர் எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பு மட்டும் பிறக்கிறது.

இதில் கிராமம் செய்வது என்ன? தப்பி ஓட வழியில்லாமல் வைக்கிறது. அந்த ஊரில் நோயாளி காலையில் ஆஸ்பத்திரிக்கும் மாலையில் வைத்தியர் வீட்டுக்கும் போகிறான். ஒரே தெருவில் நடந்தாக வேண்டியவர்கள் எத்தனை நாள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்? குணமாக்குவது மரம் செடி கொடிகள் என்றால் நம் நகரியத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் சாலை நெடுக நிழல். இருந்தும் நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு இந்தப் பக்கம் முப்பது ஆண்டு குடியிருந்து, பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பணி ஓய்வு பெற்றுப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே ஷிப்டில், ஒரே இயந்திரத்தடியில், நிரந்தரத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் நிற்கிறார்கள். அந்த இரண்டாமவரின் தாத்தா உழுத மண்ணைத்தான் இருவரும் சேர்ந்து அப்புறப்படுத்துகிறார்கள். அந்த இருவர் நட்பாவது பற்றி ஒரு நாவல் நெய்வேலியிலிருந்து வர வேண்டும். வரும்வரை தாராசங்கர் நமக்குத் துணை.

மொழிபெயர்த்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். த.நா. குமாரசாமி வங்க மொழி கற்று நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவர் சொந்தமாக எழுதிய 'ஒட்டுச்செடி' நாவல், சென்னையின் குடிநீருக்காக 1940களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது இடம்பெயர்ந்த கிராமத்து மக்களைப் பற்றியது. கிராமம் மூழ்குவது எப்படி இருக்கும் என்று யோசித்த கைதான் ஜீவன் மஷாயின் கிராமத்தையும் தமிழில் எழுதியது. ஆரோக்கிய நிகேதனத்தின் தமிழில் எங்கும் மிகையான ஏக்கம் தட்டுப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நம்புகிறோம். நெய்வேலி வாசகர் இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

நமக்கு இன்னும் அருகில், குறிஞ்சிப்பாடியில், குறிஞ்சிவேலன் இருக்கிறார். மலையாளத்திலிருந்து எஸ்.கே. பொற்றேக்காட்டின் 'விஷக்கன்னி'யைத் தமிழாக்கி 1994-இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். மொழிபெயர்ப்புக்கென்றே 'திசை எட்டும்' இதழை நடத்தியவர். திருவிதாங்கூர் விவசாயிகள் இருந்த காணியை விற்று வயநாட்டுக் காட்டுக்குப் போய், மலேரியாவில் சிதைந்து போவதைச் சொல்கிறது அந்த நாவல். மண் எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் என்று எண்ணுகிறவர்கள் அதையும் படிக்கட்டும்.

1998-இல் தொடங்கி ஜூலை மாதப் புத்தகக் கண்காட்சி இந்த ஊருக்குப் பழக்கமாகிவிட்டது. கடை போடும் பதிப்பாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. இந்திய மொழி நாவல்களின் தமிழாக்கங்களைப் பின்வரிசையில் கிடத்தாமல் முன்னால் வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையிலேயே அச்சிடுங்கள்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று. நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு மோதிய, சேர்ந்து வேலை செய்த டாக்டர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு நோயாளி அந்த இருவர் கையிலும் போய் வந்திருந்தால், நடந்ததை நடந்தபடி, யாரையும் தெய்வமாக்காமல் எழுதி அனுப்புங்கள். குணமாகாமல் போனவர்களைப் பற்றியும் எழுதலாம். அடுத்த இதழில் பாதிப் பக்கங்களை அதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறோம்.