கம்பம் சாலையிலே

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் சமயத்தில், வட அமெரிக்காவின் வெர்மாண்ட் பிரதேசத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக மோட்டாரில் ஏறி மலைச் சாலைகளுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். இலைகள் சிவந்து உதிர்வதைக் காண்பது அவர்களுக்கு ஒரு திருவிழா. நமது மலைகளில் அந்தக் காட்சி கிடையாது. நம் மரங்கள் இலை உதிர்ப்பது கோடையில்; ஐப்பசி மழைக்கோ அவை பச்சைப் பட்டு உடுத்தி நிற்கும். ஆகவே, சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், கம்பம் பள்ளத்தாக்கு என்று நாம் தயங்காமல் சொல்லுவோம்.

சொந்த வண்டி இல்லாதவர்களும் போய் வரலாம். மதுரையிலிருந்து தேனிக்கு 2022ஆம் ஆண்டு முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சின்னமனூர், உத்தமபாளையம் என்று தெற்கே போகப் போக, இடப்புறம் மேகமலைத் தொடரும் வலப்புறம் ஏலமலைத் தொடரும் நெருங்கி வருகின்றன. நடுவே வயல்கள், வாழை, தென்னை, பந்தலில் தொங்கும் பன்னீர்த் திராட்சை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பினால், வெயில் ஏறுமுன் சுருளி அருவியை அடைந்துவிடலாம். மலையில் பலத்த மழை பெய்து அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள். நமக்கும் ஒரு முறை அப்படி நேர்ந்தது. குழந்தைகளுக்கு ஏமாற்றந்தான், ஆனாலும் அருவி அன்று இருந்த கோலத்தைப் பார்த்தபின் எவரும் குறை சொல்லவில்லை.

சாதாரணமாக எல்லோரும் அருவியைப் பார்த்துவிட்டு, கூடலூர் வழியாக நேரே குமுளிக்கு ஏறி, தேக்கடியில் படகேறித் திரும்புகிறார்கள். வழியில் மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்துகிறவர்கள் சிலரே. அங்கே மலையின் முதுகில் நான்கு இராட்சதக் குழாய்கள் இறங்கி வருவதைக் காணலாம். "மலைக்குள்ளிருந்து ஏன் தண்ணீர் வருகிறது?" என்று நம்மோடு வந்த சிறுவன் கேட்டான். சரியான கேள்வி. நாம் காலை முதல் கண்டு களித்த பசுமையின் பெரும் பகுதி இயற்கை தானாக அளித்தது அன்று. ஏலமலைத் தொடர் தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் மேற்கே போய்க் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மாத்திரம் 14,707 ஏக்கர் இரு போகம் விளைய அந்த நீர் ஆதாரம்.

இந்த யோசனை ஆங்கிலேயர் மூளையில் முதலில் உதித்ததென்று எண்ணவேண்டாம். 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். பணமில்லாமையால் காரியம் நின்றது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகே துரைத்தனத்தார் விழித்துக்கொண்டார்கள். 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அணை திறக்கப்பட்டது. கட்டி முடித்த கர்னல் பென்னிகுவிக்கின் சிலையும் மணிமண்டபமும் 2013 முதல் லோயர் கேம்ப்பில் இருக்கின்றன. பள்ளத்தாக்கு மக்கள் அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15ஆம் தேதி அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். அந்நியரானாலும் நன்மை செய்தவரை மறவாத குணம் நம்முடையது. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும், அந்தக் காட்டில் விஷ ஜுரத்தாலும் வாந்திபேதியாலும் மாண்ட நூற்றுக்கணக்கான கூலியாட்களின் பெயர்களைக் குழந்தைகளுக்குச் சொல்ல நம்மால் முடியவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து அந்தச் சுவரை எழுப்பிய கைகள் அவர்களுடையவை.

மேலே தேக்கடியில் படகேறுகிறவர்கள் ஏரியின் நடுவே பட்ட மரங்கள் நிற்பதைக் கவனித்திருக்கலாம். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அழகான ஏரி என்று நாம் வியக்கும் அந்த நீர்தான் குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. எத்தனை அடி தேக்குவது என்பதில் இரு ராஜ்யங்களுக்கும் நெடுங்கால வழக்கு. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன், 2011 டிசம்பரில் பூசல் முற்றி இந்த மலைச் சாலையே அடைபட்டது. உல்லாசப் பயணம் கெட்டது அற்ப விஷயம். ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் ஏறிச் சென்ற தமிழ்க் கூலிப் பெண்களின் பிழைப்பு அன்றோ கெட்டது!

இதனாலேயே அதிகாலையில் இந்தச் சாலையில் போகும் மோட்டார்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் நேரம் அது. ஒரு நாள் கூலி பிந்திப் போகக் கூடாதென்று அவை விரைகின்றன. வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் அவற்றுக்கு முதலில் வழிவிட வேண்டும்.

மாலையில் நாம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பின்னால் ஜீப்புகளின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. வண்டியை ஓரங்கட்டினோம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்குச் சட்டியை மடியில் அணைத்தபடி அவர்கள் கடந்து போனார்கள். கடைசி ஜீப்பிலிருந்து ஓர் அம்மாள் நம் வீட்டுச் சிறுவனைப் பார்த்துக் கையை அசைத்தாள்.