கால்சியம் பாட்டிலை ஏன் மெதுவாக ஏற்ற வேண்டும்?

கேள்வி: "எங்கள் கலப்பின ஜெர்சிப் பசு நான்காவது ஈத்து கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது. காதெல்லாம் சில்லென்று இருந்தது. மருத்துவர் வந்து கால்சியம் பாட்டிலில் பாதியைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். மீதியைத் தோலுக்கடியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மாடு எழுந்துகொண்டது. 'இதற்கு இவ்வளவு நேரமா? நானே இரண்டு நிமிடத்தில் ஏற்றிவிடுவேன்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த முறை அவரையே கூப்பிடலாமா? கழுத்தில் போட்ட மருந்து காலுக்கு எப்படிப் போனது?"
- ஒரு வாசகி, விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்.

பதில்: கூப்பிட வேண்டாம். அதே மருந்தை வேகமாக ஏற்றினால் மாடு அந்த இடத்திலேயே சாகலாம். ஏன் என்று புரிய, ரத்தம் ஓடும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் 'கழுத்து நரம்பு' என்று சொல்வது உண்மையில் ரத்தக்குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. கழுத்துப் பள்ளத்தில் இருப்பது, தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை. ஊசி குத்தும் முன் மருத்துவர் பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தியிருப்பார். வாய்க்காலை அடைத்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்குவதுபோல, விரலுக்கு மேலே குழாய் புடைக்கும். ரத்தம் இதயத்தை நோக்கி ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ரத்தம் உடம்பில் சுற்றிச்சுற்றி வருகிறது என்று 1628-ல் நூல் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வியும், மனிதர் கையில் கட்டுப்போட்டு, சிரை புடைப்பதைக் காட்டித்தான் விளக்கினார்.

மாட்டின் இதயத்துக்கும் நம்முடையதைப் போலவே நான்கு அறைகள். கழுத்துச் சிரையில் விட்ட மருந்து சில விநாடிகளில் இதயத்தின் வலப்பக்கம் சேரும். அங்கிருந்து நுரையீரல், பிறகு இதயத்தின் இடப்பக்கம். இடப்பக்கம் அதைப் பெரிய தமனியில் தள்ளும். அந்தத் தமனியில் முதலில் பிரியும் கிளைகள் இதயச் சதைக்கே போகின்றன. தலை, கால், மடி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இனி கணக்கைப் பாருங்கள். 350 கிலோ எடையுள்ள பசுவுக்குச் சுமார் 25 லிட்டர் ரத்தம் இருக்கும். ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். 10 லிட்டர் கறக்கும் மாட்டில், இருக்கிற 25 லிட்டரே நாளெல்லாம் சுற்றிச்சுற்றி 4,000 லிட்டருக்கு மேல் மடிக்குப் போய்வருகிறது. அந்த ஓட்டத்திலிருந்துதான் மடி கால்சியத்தை எடுக்கிறது. 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போய்விடும். ஒரு நேரத்தில் மொத்த ரத்தத்திலும் இருப்பதோ 2, 3 கிராம்தான். எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் உடனுக்குடன் வந்து சேராவிட்டால் சதைகள் வேலை செய்யாது. மாடு படுத்துவிடும், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொள்ளும். இதயத் துடிப்பும் வலுவிழப்பதால் ரத்தம் காது, கால் நுனிவரை சரியாகப் போகாது. காது சில்லிட்டது இதனால்தான். பெயர் 'பால் காய்ச்சல்' என்றாலும் உடம்பில் காய்ச்சல் இருக்காது.

ஒரு 450 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 8 கிராம் கால்சியம் இருக்கிறது. ரத்தம் முழுவதிலும் உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு! மெதுவாக விட்டால், ஓடும் ரத்தத்தில் கலந்து நீர்த்துப் பரவும். வேகமாக விட்டால் நீர்க்காமல் இதயச் சதைக்கே போய்ச் சேரும். துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். அதனால்தான் மருத்துவர் பாட்டிலை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, 10 முதல் 20 நிமிடம் எடுத்து, நடுநடுவே இதயத் துடிப்பைக் கேட்டபடியே ஏற்றுகிறார். துடிப்பு மாறினால் உடனே நிறுத்துவார். தோலுக்கடியில் போட்ட மீதி, மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேர்ந்து, மாடு மறுபடி படுத்துவிடாமல் தாங்கும்.

மருத்துவர் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை:

• உடனே உங்கள் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ தகவல் சொல்லுங்கள்.

• மாட்டைப் பக்கவாட்டில் சாயவிடாதீர்கள். நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, வைக்கோல் மூட்டையால் முட்டுக்கொடுங்கள்.

• வாயில் கஷாயமோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும்.

• எழுந்த பிறகும் ஓரிரு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்குத் தேவையான சீம்பாலை மட்டும் எடுங்கள்.

ஒருமுறை வந்த மாட்டுக்கு அடுத்த ஈத்திலும் இது வரலாம். சினையின் கடைசி மூன்று வாரம் கால்சியம் மிகுந்த வேலிமசால், குதிரைமசால் போன்றவற்றைக் குறைத்து, மக்காச்சோளத் தட்டையைக் கூடுதலாகக் கொடுங்கள். தீவனத்தில் கால்சியம் குறைவாக வந்தால்தான் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கப் பழகும். கன்று போட்ட நாளிலிருந்து தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். கன்று போடும் தேதி நெருங்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.