சமையல் மேடையில் பதித்த சில்லுகள்

சமையல் மேடையைக் காங்கிரீட்டால் வார்த்து, அதன் முகத்திலே கண்ணாடித் துண்டு, பீங்கான் சில்லு, கிளிஞ்சல், பித்தளைத் தகடு முதலியவற்றைப் பதித்து மெருகேற்றும் வழக்கம் இக்காலத்தில் உண்டு. இதனை வீண் ஆடம்பரமென்று இகழ்வாரோடு யாம் உடன்படோம். வெனிஸ் நகரத் தொழிலாளர், சலவைக்கல் வேலையில் எஞ்சிய துணுக்குகளைச் சாந்தில் பதித்துத் தளம் சமைத்தனர். நம் வீடுகளில் மொசைக் என வழங்கும் தரையும் அவ்வினத்ததே. எறியத்தக்க கழிவு கண்ணுக்கு இனிதாவதில் குற்றம் என்னை?

ஆயினும் நிறத்தை மாத்திரம் நோக்கிப் பொருளைத் தெரிந்தெடுத்தல் தகாது. சிமிண்டு காரத்தன்மை மிக்கது. கண்ணாடியிலுள்ள சிலிக்கா அக்காரத்தோடு கூடி, ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் ஒருவகைப் பசையை விளைவிக்கும். நாளடைவில் மேடை வெடிக்கக்கூடும். சிலவகைக் கற்களிடத்தும் நிகழும் இவ்வினையை 1940-இல் கலிபோர்னியாவில் ஸ்டாண்டன் என்னும் பொறியியலார் எடுத்துக் காட்டினார். சிமிண்டில் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல் மின்நிலையத்துத் தக்க சாம்பலைச் சேர்ப்பின் இக்கேடு பெரிதும் குறையும். அலுமினியமோ ஈரச் சிமிண்டில் ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டுக் குமிழிகளை உண்டாக்கும். கிளிஞ்சலும் சலவைக்கல்லும், ஏன், சிமிண்டுங்கூட, எலுமிச்சஞ்சாறு பட்ட இடத்தில் ஒளி மழுங்கும். புளி சிந்தாத சமையலறை நம் நாட்டில் ஏது? ஆதலின் மேற்பூச்சு இன்றியமையாதது.

இவை மேடைக்கு நேரும் கேடுகள். மனிதனுக்கு நேரும் கேட்டையே யாம் பெரிதாகக் கருதுகிறோம். பதித்த சில்லுகள் முகம் காட்டவேண்டின் மேடையைத் தேய்த்தல் வேண்டும். உலர்ந்தவாறே தேய்த்தால் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலிற் புகுந்து தழும்பேற்றும்; அந்நோயை மாற்றும் மருந்து இல்லை. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் மேடைகளை வெட்டித் தேய்த்த தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையானமையால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லைத் தடை செய்தது. காங்கிரீட்டை அத்தடை தொடவில்லை. ஆனால் காங்கிரீட்டிலும் மணல் உண்டு. மணலிற் சிலிக்கா உண்டு.

நீர் விட்டுத் தேய்த்தால் தூசி பெரும்பாலும் அடங்கும். சேறாகும், நேரமாகும், கூலி ஏறும் என்பர். ஏறட்டும்! அழகை விரும்புகிறவரே அதன் விலையைக் கொடுத்தல் முறை; பிறன் மூச்சிலிருந்து அதனைக் கழித்துக் கொள்ளுதல் முறையன்று.

வீடு கட்டும் பருவம் எய்திய பழைய மாணவர்கள், எந்நிறச் சில்லு என்று வினவுமுன், எவ்வாறு தேய்ப்பீர் என்று மேஸ்திரியை வினவுவாராக. தண்ணீருக்கும் தக்க முகமூடிக்கும் ஆகும் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்த்தல் நன்று. சில்லுகளை அச்சின் அடியில் ஒட்டி மேடையைத் தலைகீழாக வார்ப்பதும் ஒரு வழி. தேய்க்கும் வேலையே அதனாற் குறையும்.