குடிநீரும் பிளீச்சிங் பவுடரும்

கழி நூலை வெளுக்குமுன் சோடா உப்பிட்டு வேகவைத்து, பஞ்சிலுள்ள மெழுகையும் பிசுக்கையும் நீக்குவது நம் நெசவாள அங்கத்தினர் யாவரும் அறிந்த முறையேயாகும். அங்ஙனம் செய்யாது பச்சை நூலை நேரே பிளீச்சிங் பவுடர்க் கரைசலில் அமிழ்த்தினால், மருந்தின் வீரியத்தில் பெரும்பகுதி அழுக்கோடு மோதியே தீர்ந்துபோகும். வெண்மையும் திட்டுத்திட்டாகவே வரும். நூலுக்குக் காட்டும் இந்த ஒழுங்கை, அதே பிளீச்சிங் பவுடரைக் குடிநீர்த் தொட்டியில் இடும்பொழுது மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

மழைக்குப் பின் ஏரி நீரையும் வாய்க்கால் நீரையும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் முகந்து பாருங்கள். இலை, தழை, வைக்கோல், பாசி இவை மக்கி ஊறிய சத்து கலந்து, இளந்தேயிலைச் சாறு போன்ற பழுப்பு நிறம் தெரியும். இவற்றைச் சேதனப் பொருள்கள் என்பர். குளோரின் கிருமிகளைக் கொல்வதோடு இவற்றோடும் கூடிச் செலவாகிறது. செலவாவதோடு நின்றால் நட்டம் பணத்தளவில் போயிற்று எனலாம். ஆனால் இவ்விரண்டின் சேர்க்கையால் குளோரோபாரம் முதலிய புதுப் பொருள்கள் நீரிலேயே பிறக்கின்றன. (சேர்க்கையினால் தீமையும் விளையும் என்பது கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதத் தகாத செய்திதான், ஆயினும் உண்மை.)

இதனை ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய ரசாயன நிபுணர் ரூக் என்பார் 1974-இல் பிரசுரித்தார். அதே ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் இதனைக் கண்டனர். 1979-இல் அந்நாட்டு அரசாங்கம், ட்ரைஹாலோமீத்தேன் எனப்படும் இப்பொருள்கள் ஒரு லிட்டர் நீரில் மொத்தம் 0.10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டிற்று. 1998-இல் பிறப்பித்த விதியில் அது 0.08 ஆகக் குறைந்தது. நம் இந்தியத் தர நிர்ணயமும் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் குளோரோபாரத்துக்கு 0.2 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது. பல்லாண்டுகள் இத்தகைய நீரைப் பருகுவோர்க்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று மிகுதியாகக் காணலாம் என ஆராய்ச்சிகள் சில கூறுகின்றன.

இதைக் கேட்டவுடன், "குளோரினே வேண்டாம்" என்று கிளம்புவோர் உளர். இதனினும் பெரிய பேதைமை வேறில்லை. வாந்திபேதியும் டைபாய்டும் பல்லாண்டுகள் காத்திரா. ஒரே வாரத்தில் தெருவையே படுக்கையில் வீழ்த்திவிடும். ஹாலந்தில் 2005-ஆம் ஆண்டோடு குடிநீருக்குக் குளோரின் இடுவதை அறவே விட்டனர் என்று வாதிப்பவர்கள், அதற்குமுன் அவர்கள் நீரைப் பல படிகளில் தூய்மைப்படுத்தி, கசிவில்லாக் குழாய்களில் இடையறாது நீரோட்டம் வைத்திருப்பதைச் சொல்வதில்லை. இரண்டு மணி நேரம் நீர் வந்து, மற்ற நேரம் சாக்கடையோரத்தில் வெறுங்குழாய் கிடக்கும் நம் ஊர்களில் குளோரினைக் கைவிடுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

மருந்தை நிறுத்துவதன்று, வரிசையை மாற்றுவதே வழி என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்று நீரைப் பருகும் சின்சினாட்டி நகரத்தார், 1975-இல், குளோரின் இடும் இடத்தை நீர் ஓரளவு தெளிந்த பின்னர் வருமாறு மாற்றினர். அதனாலேயே குளோரோபாரம் கணிசமாகக் குறைந்தது. பின்னர் 1992-இல் கரித்துகள் வடிகட்டிகளையும் நிறுவினர். கரித்துகளின் செலவு நமக்குத் தாங்காது. ஆனால் இடத்தை மாற்ற என்ன செலவு?

நமக்குக் கைவந்த பொருள் படிகாரம். சாயத்தை நூலில் பிடிக்கச் செய்யும் அதே படிகாரம், நீரில் கரைந்த பழுப்புப் பொருளைத் திரட்டி அடியில் இறக்குகிறது. கலங்கல் நீங்கும் அளவோடு நிறுத்திவிட்டால் நிறம் முழுதும் போகாது; சற்று மிகுதியும் வேண்டியிருக்கும். ஆறு கண்ணாடிப் பாத்திரங்களில் ஒரே நீரை நிரப்பி, படிகாரத்தைப் படிப்படியாகக் கூட்டியிட்டுக் கலக்கி, தெளியவிட்டுப் பார்த்தால் எவ்வளவு போதும் என்பது விளங்கும். மழைக்காலத்து அளவு கோடைக்கு ஒவ்வாது. முருங்கை விதைப்பொடியும் கலங்கலைத் தெளிவிக்கும் என்பது மெய். ஆனால் விதையிலுள்ள பிற சத்துக்கள் நீரிலேயே தங்கிச் சேதனப் பொருளைக் கூட்டிவிடுமாதலால், குளோரின் இடவிருக்கும் நீருக்கு அதனை நான் சிபாரிசு செய்யேன். தெளிந்த நீரை மணல் வழியே வடித்து, அதன் பின்னரே பிளீச்சிங் பவுடர் இடுதல் வேண்டும். விவசாய அங்கத்தினர்கள் ஏரிக்கரையில் வைக்கோற்போரும் எருக்குவியலும் வைக்காதிருந்தால் பாதி வேலை அங்கேயே முடியும்.

நெசவாளர் குடியிருப்புக்கெனத் தனித் தொட்டி வைத்திருக்கும் சங்கங்கள் சிலவற்றின் கணக்கேடுகளை நான் பார்வையிடுகையில், பிளீச்சிங் பவுடருக்கு மாதந்தோறும் செலவெழுதியிருப்பதையும், படிகாரத்துக்கோ மணலுக்கோ ஒரு காசும் எழுதாமையையும் காண்கிறேன். வாங்கிய மூட்டையும் வாய் திறந்து ஈரத்தில் கிடக்கும். வீரியம் காற்றோடு போயிருக்கும். நீர் பழுப்பேறினால் இன்னும் ஒரு கைப்பிடி போடு என்பதே நடைமுறை. கைப்பிடி கூடக்கூட, சேதனப் பொருள் மிகுந்த நீரில் குளோரோபாரமும் கூடுகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் பருகும் ஊர்களுக்கு இக்கவலை பெரும்பாலும் இல்லை. ஏரியையும் ஆற்றையும் நம்பியிருக்கும் சங்கங்கள், வரும் மகாசபையில் படிகாரத்துக்கும் மணல் வடிகட்டிக்கும் பொதுநல நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவருதல் வேண்டும். தெளிந்த நீருக்குப் பிளீச்சிங் பவுடர் குறைவாகவே வேண்டியிருக்குமாதலால், செலவில் ஒரு பங்கு அதிலேயே ஈடாகும்.