மின்சாரம் கொடுத்தா நீளும்... எத்தனை டிகிரியில?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் வறட்சியான பதிவு. ஓடிடாதீங்க :-)

'எலக்ட்ரோஸ்ட்ரிக்‌ஷனை வெப்பநிலை பாதிக்காது'ங்கிற வரியை அடிக்கடி பார்க்கிறேன். என்னைக் கேட்டா அது பாதி உண்மை. அதை நம்பிக் கருவி செய்யறவன் பாடுதான் திண்டாட்டம்.

கேஸ் லைட்டர்ல இருக்கிறது பீசோ. அந்த வகையில மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டா நீண்டது சுருங்கும். எலக்ட்ரோஸ்ட்ரிக்‌ஷன்ல எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே மாதிரி நீளும். ஏன்னா நீட்சி, முனைவாக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எல்லாக் காப்புப் பொருள்லயும் இது உண்டு, ஆனா சொல்லிக்கிற அளவுக்கு இருக்காது. ஈய மெக்னீசியம் நியோபேட் (சுருக்கமா பிஎம்என்) மாதிரி ரிலாக்ஸர் பீங்கான்லதான் 0.1% வரைக்கும் வரும். அதாவது ஒரு செ.மீ. துண்டு 10 மைக்ரான் நீளும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முனைவாக்கத்தையும் நீட்சியையும் இணைக்கிற கெழு, சூட்டுக்கு அவ்வளவா அசையாது. வாஸ்தவம். ஆனா நாம கொடுக்கிறது முனைவாக்கம் இல்லீங்களே, வோல்டேஜ்! அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு முனைவாகும்னு தீர்மானிக்கிறது விடுதிறன் (பன்னிரண்டாவதுல படிச்ச அதேதான்). ரிலாக்ஸர்ல அது வெப்பநிலையோட ஏறி இறங்கும். குறைஞ்ச புலத்துல விடுதிறன் 30% குறைஞ்சா நீட்சி ஏறக்குறையப் பாதியாயிடும். வர்க்கம் சார்!

பேரியம் டைட்டனேட் 120 டிகிரி பக்கத்துல சட்டுனு குணம் மாறும். ரிலாக்ஸர் அப்படியில்ல. மார்கழியில தேங்காய் எண்ணெய் அங்கங்கே திட்டுத் திட்டா உறையுமே, அந்த மாதிரி உள்ளே நானோ அளவுல முனைவுத் திட்டுகள் கொஞ்சம் கொஞ்சமா இறுகும். சுத்தமான பிஎம்என்னுக்கு விடுதிறன் உச்சம் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே. 10% ஈய டைட்டனேட் கலந்தா சுமார் 40 டிகிரிக்கு வந்துடும். அதுக்கு மேல சூடாக்கினா நீட்சி படுத்துடும். ரொம்பக் குளிர்ந்தாலோ, 'எங்ககிட்ட கிடையவே கிடையாது'ன்னு பெருமையடிக்கிற ஹிஸ்டரிசிஸ் திரும்பி வந்து உட்கார்ந்துக்கும். போன இடத்துல இருந்து பழைய இடத்துக்கு ஒழுங்கா வராது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 1993 டிசம்பர்ல ஹப்பிள் தொலைநோக்கியில மாட்டின இரண்டாவது அகலப்புலக் கேமராவுல, சின்னக் கண்ணாடிகளைச் சாய்ச்சு நேர்படுத்தினது பிஎம்என் துண்டுகள்தான். 2009ல கழட்டற வரைக்கும் அந்தக் கேமரா படம் எடுத்துச்சு. அங்கே போய் ஸ்பேனரால திருக முடியுமா?

அதனால என் கோரிக்கை ஒண்ணுதான். தகவல் தாள்ல '25 டிகிரியில இவ்வளவு நீட்சி'ன்னு ஒத்தை எண்ணைப் போட்டு முடிச்சுக்காதீங்க. நீட்சி, ஹிஸ்டரிசிஸ் ரெண்டுக்கும் வெப்பநிலை வரைபடம் போடுங்க. 10ல இருந்து 50 டிகிரி வரைக்குமாவது. வேலூர் வெயில்ல ஏசி இல்லாத லேப்ல வேலை பாக்கிறவனும் அதைத்தானே வாங்கறான்?