குழந்தைக்கு என்ன தெரியும்?

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டில் என்னென்ன வேலை உண்டு என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேற்றை வாரிக் கொட்டுவீர்கள். பாத்திரங்களை வெந்நீர் விட்டுத் தேய்ப்பீர்கள். மெத்தையை வெயிலில் காயப் போடுவீர்கள். இத்தனைக்கும் நடுவே நாலு வயதுக் குழந்தை ஒன்று உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கொண்டு பின்னாலேயே சுற்றும். "போய் விளையாடேன்!" என்று அதட்டினாலும் நகராது. சகோதரிகளே, வீட்டில் எல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் காயாமல் இருப்பது அந்தக் குழந்தையின் மனசுதான்.

2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சென்னை வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இம்மாதிரிச் சமயங்களில், "சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும்? நாலு நாளில் மறந்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். குழந்தைக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் தெரியாது. அதனால் உடம்பால் சொல்கிறது. நின்று போயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வரும். மறுபடி விரல் சூப்பும். நடு ராத்திரியில் அலறும். வானம் கறுத்தாலே வயிற்றை வலிக்கிறது என்று அழும். இது பிடிவாதமும் அல்ல, செல்லமும் அல்ல. அடிப்பதாலும் கேலி செய்வதாலும் நீடிக்குமே தவிரக் குறையாது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது லண்டன் நகரில் அன்னா ஃபிராய்டு, டோரதி பர்லிங்ஹாம் என்ற இரு பெண்மணிகள் குழந்தைகளுக்குக் காப்பகங்கள் நடத்தினார்கள். தாங்கள் கண்டதை 1943-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். குண்டு வீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிந்திருப்பதே சின்னஞ்சிறு குழந்தைகளை அதிகம் வாட்டியதாம். தாய் கலங்காமல் இருந்தால், அவள் அருகில் இருக்கும் குழந்தையும் பெரும்பாலும் அமைதியாகவே இருந்ததாம்.

"நான் மட்டும் கல்லா? எனக்கு அழுகை வராதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக அழுங்கள். ஆனால், "சாமான் எல்லாம் போய்விட்டதே என்று அம்மா அழுகிறேன். உன்மேல் கோபம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத கண்ணீர்தான் குழந்தையைப் பயமுறுத்துகிறது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்து நம் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயிற்று. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். கதை, பாட்டு, விளையாட்டு, படம் வரைதல் இவையே அவர்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்ன மருந்து. ஆகவே உங்கள் பிள்ளை வாளித் தண்ணீரில் பொம்மைகளை மூழ்கடித்து, "வெள்ளம் வந்துடுச்சு, ஓடு!" என்று விளையாடினால், "அபசகுனம்!" என்று தடுக்காதீர்கள். மனசில் இருப்பதை அது அப்படித்தான் இறக்கி வைக்கிறது. தினமும் பொம்மைகள் மூழ்கியே போகின்றன என்றால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதப் படகை விடுங்கள். ஒரு பொம்மையாவது கரை சேரட்டும்.

வீட்டில் யாராவது இறந்து போயிருந்தால், "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி வைக்காதீர்கள். குழந்தை வாசலைப் பார்த்துக் கொண்டே காத்திருக்கும். "தூங்குகிறார்" என்று சொன்னால் தானும் தூங்கப் பயப்படும். "தாத்தா இறந்துவிட்டார். இனி வரமாட்டார். நமக்கெல்லாம் வருத்தம்" என்று மடியில் வைத்துக் கொண்டு சொல்லுங்கள். "நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தான் சேட்டை செய்ததால்தான் தாத்தா போய்விட்டார் என்று அந்தப் பிஞ்சு மனம் தனக்குள்ளேயே முடிவு கட்டியிருக்கலாம்.

டெலிவிஷனிலும் கைபேசியிலும் திரும்பத் திரும்ப வரும் வெள்ளக் காட்சிகளை நிறுத்தி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக வெள்ளம் வருவதாகவே சிறு குழந்தை நினைத்துக் கொள்ளும். குளியல், சாப்பாடு, தூக்கம், கதை எல்லாம் பழைய நேரத்துக்கே நடக்கட்டும். முகாமில் தங்கியிருந்தாலும் ராத்திரிக் கதையை விடாதீர்கள்.

அநேகமாகச் சில வாரங்களில் குழந்தை தேறிவிடும். ஒரு மாதம் கழிந்தும் சரியாக உண்ணாமல், விளையாடாமல், பேசாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக யோசனை கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. "அம்மா, மறுபடியும் தண்ணி வருமா?" என்று ஒரே கேள்வியை நாளைக்குப் பத்துத் தடவை கேட்கும். "வரவே வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள். அடுத்த மழையில் உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும். "மழை வரும். தண்ணீர் ஏறினால் மாடிக்குப் போய்விடுவோம். பையைத் தயாராக வைத்திருக்கிறேன். நீ என் கையைப் பிடித்துக் கொள்" என்று சொல்லுங்கள். பதினோராவது தடவை கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.