எஞ்சின் சூடாகும் வரைக்கும் பிள்ளைகள் புகை குடிக்கணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேன், த்ரீவீல் வைத்திருக்கிற சகோதரர்களும் பிள்ளைகளை வேனில் அனுப்புகிற பெற்றோரும் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் பலாங்கொடைக்கு மேலே உள்ள தோட்டங்களில் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுபஹு தொழுதுவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஏறும்போது பனியில் எதிரே வருகிற ஆளே தெரியாது. ஒரு சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். லயத்துக்கு முன்னால் ஒரு பழைய டீசல் வேன் ஐடிலைக் கூட்டி வைத்தபடி உறுமிக்கொண்டு நிற்கும். பத்து நிமிஷம், சில நாள் கால் மணித்தியாலம். அதற்குப் பக்கத்தில்தான் பிள்ளைக் காம்பரா. அம்மாமார் மலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரமும் அதுதான்.

போன கிழமை நின்று கேட்டேன். ஓட்டுகிற தம்பி என்னிடம் படித்தவர். "சேர், குளிர்ல அப்புடியே எடுத்தா எஞ்சின் போயிரும். நல்லா சூடாகணும்" என்றார்.

எங்கள் வாப்பாவும் இதையேதான் சொல்வார். அவருடைய மொரிஸ் மைனருக்கு அது சரியும்கூட. அந்தக் காலத்துக் காபரேட்டர் எஞ்சினில், குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெற்றோல் கூடிய கலவையைக் கொடுத்தால்தான் எஞ்சின் நிற்காமல் ஓடும். கொஞ்சம் சூடானதும் சோக்கைத் தள்ளிவிட வேண்டும். அவசரப்பட்டால் ஏற்றத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும்.

இன்றைக்கு ஓடுகிற கார்களில் அநேகமானவை அப்படியல்ல. எஞ்சின் தண்ணீரின் சூட்டை ஒரு சென்சர் பார்த்துச் சொல்லும். குளிராக இருந்தால் கம்பியூட்டர் தானாகவே ஐடிலை 1200, 1500 சுற்று வரைக்கும் ஏற்றி, சூடாகச் சூடாக 700, 800 க்கு இறக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் சத்தம் கூடிப் பிறகு குறைவது இதனால்தான். அது கோளாறு இல்லை. நீங்கள் மிதித்து முறுக்கவும் தேவையில்லை.

"ஒயில் கட்டியா இருக்குமே சேர்" என்பீர்கள். இருக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் ஒயில் பம்ப் மேலே வரைக்கும் ஒயிலை அனுப்பிவிடும். அரை நிமிஷம் கொடுத்தால் நம்முடைய குளிருக்குப் போதும். பிறகு முதல் இரண்டு மூன்று கிலோமீற்றர் மெதுவாக, கியரை முறுக்காமல் போனால், நின்ற இடத்தில் உறுமுவதைவிடச் சீக்கிரமாக எஞ்சின் சூடாகும். கியர் பொக்ஸ், டயர், பிரேக் எதுவும் நின்ற இடத்தில் சூடாவதில்லை. பெற்றோல் வாகனத்துக்கு நீண்ட நேர ஐடில் கெடுதலும்கூட. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும்.

இந்த "சூடாக்கு, சூடாக்கு" வீடியோக்கள் பல குளிர் நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை போகும். இரவில் எஞ்சினுக்குக் கரண்டில் ஹீட்டர் போட்டு வைப்பார்கள். அந்தக் கனடாவிலேயே வாகனத்தைச் சும்மா ஐடிலில் விடாதீர்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. நமக்கு 15 பாகை வந்தாலே குல்லாவைத் தேடுகிறோம். தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து நண்பர்கள் "எங்களுக்கு ஏது குளிர்" என்று சிரிப்பீர்கள். அங்கேயும் காலையில் இதே உறுமலைக் கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை எஞ்சின் இல்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 இலேயே உறுதியாக அறிவித்துவிட்டது. குளிர்ந்த டீசல் எஞ்சின் விடுகிற வெள்ளைப் புகையில் பாதி எரிந்ததும் எரியாததுமான டீசல் இருக்கிறது. கண் எரிவதும் இருமல் வருவதும் அதனால்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். பனிக் காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். மேலே சூடான காற்று மூடி போல நிற்கும். நம்முடைய லயங்கள் பல பள்ளத்தில்தான் இருக்கின்றன. விடுகிற புகை எங்கும் போகாமல் அங்கேயே கிடக்கும். குளிர் கூடக் கூட "இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்" என்கிறோம், அன்றைக்குத்தான் புகை கூடுதலாகத் தங்குகிறது. கதவு மூடிய கராஜுக்குள் பெற்றோல் வாகனத்தை ஐடிலில் விடுவது இதைவிட மோசம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

காசுக் கணக்கும் பார்ப்போம். நாளுக்குப் பத்து நிமிஷம், மாதத்தில் 20 பள்ளிக்கூட நாள் என்றால் 200 நிமிஷம். பழைய டீசல் வேன் ஒன்று அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே இரண்டு லீற்றருக்குக் குறையாமல் குடித்துவிடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 2022 ஜூலையில் கியூ.ஆர். வந்தபோது ஒரு த்ரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் கொடுத்தார்கள். அதற்காக இரவெல்லாம் வரிசையில் கிடந்தவர்கள் நாம்தானே. அந்த நாளில் யாரும் பத்து நிமிஷம் எஞ்சினைச் சூடாக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எந்த எஞ்சினும் போனதாகவும் ஞாபகம் இல்லை. (எண்ணெயை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டுப் போன சிலரை ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும்.)

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் பஸ் ஓட்டுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். எயார் பிரேக் உள்ள பஸ்ஸும் லொறியும் டாங்கியில் காற்று நிரம்பும் வரைக்கும் நிற்கத்தான் வேண்டும். நம்முடைய வளைவுகளில் காற்றில்லாமல் இறங்கச் சொல்ல எனக்குப் பைத்தியம் இல்லை. அதைப் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று நிரப்பாமல் கொஞ்சம் தள்ளி நின்று நிரப்பலாம், அவ்வளவுதான்.

த்ரீவீல், பைக் வைத்திருக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. காலையில் நின்று நின்று போகிறது என்று ஐடில் ஸ்குரூவை முறுக்கி ஏற்றிவிட்டு நாள் முழுக்க அப்படியே ஓடாதீர்கள். பிளக், எயார் ஃபில்டர், அடைபட்ட ஜெட், வால்வ் இடைவெளி, இவற்றில் ஏதோ ஒன்றுதான் பிழையாக இருக்கும். பாஸிடம் காட்டினால் அரை நாள் வேலை.

இனி அந்த வேன் தம்பியிடம் திரும்பி வருகிறேன். இவ்வளவையும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொன்னா சேர், ஓஃப் பண்ணிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு பயம். பெட்டரி ரெண்டு வருஷமா இழுத்தடிக்குது. ஹீட்டர் பிளக்குல ரெண்டு வேலை செய்யல. அதோட, எஞ்சின் சத்தம் கேட்டாத்தான் புள்ளைங்க வெளிய வருது. ஹோர்ன் அடிச்சா துரை வீட்டுல இருந்து ஏசுறாங்க" என்றார்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு வாய் அடைத்துப் போனது. பிரச்சினை குளிர் இல்லை. பெட்டரியும், இரண்டு பிளக்கும், ஆறரைக்கு வரவேண்டிய பிள்ளை ஆறே முக்காலுக்கு வருவதும்தான்.

பெற்றோரே, வேன் காசு இரண்டு மாதம் பிந்திக் கொடுத்தால் அவர் எங்கே போய்ப் பெட்டரி வாங்குவார்? அந்த வேனில் போகிற பிள்ளைகளின் வீடுகள் ஒரு மாதக் காசை மட்டும் முன்கூட்டிக் கொடுத்தால் பெட்டரிக்கு வழி பிறக்கும். ஹீட்டர் பிளக்குகளை மாற்றித் தர டவுனில் எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவரிடம் நான் பேசுகிறேன். பிள்ளைகள் ஆறு இருபத்தைந்துக்கு லயத்து முனையில் நிற்கட்டும். சம்மதமானவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தில் என்னை வந்து பாருங்கள். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.